பெயர் சொல்லாத ஏலம்

அன்பிற்குரிய உறவினர்களே, நண்பர்களே,

அப்பா கர்த்தரிடம் சென்று ஓராண்டு நிறைகிறது. மேடை ஏறினால் சொல்லுக்குத் தயங்காதவள் என்று பெயரெடுத்த நான், அவரைப் பற்றி எழுதத் தலைகுனிந்தே அமர்கிறேன்.

மயிலாடும்பாறையில் மானாவாரி நிலத்தை நம்பிய வீட்டில் பிறந்தவர் அப்பா. பசி அவரை ஓடைப்பட்டிக்குத் துரத்தியது. திராட்சைக் கமிஷன் கடையில் பெட்டி சுமந்தார். பின்பு அங்கேயே ஏலம் கூறினார். அந்தக் கணீர்க் குரல்தான் எனக்கு வாய்த்த சொத்து.

சபையின் அறுப்பின் பண்டிகையில் காணிக்கையாக வரும் விளைச்சலை ஏலம் விடுவதும் அவர் பொறுப்பே. அந்தப் பணத்தில் ஆலயத்தின் அரிசி அறை நிறையும். வேலையற்ற குடும்பங்கள் ஞாயிறுதோறும் வந்து அரிசி வாங்கிச் செல்லும். ஏலத்தில் பெயர் சொல்லி அழைக்கப்பட்டவர் விலை கேட்டே ஆக வேண்டும் என்பது எங்கள் வழக்கம்.

மழை பொய்த்த ஆண்டில், திராட்சைத் தோட்டத் தொழிலாளி ஒருவரை அப்பா பெயர் சொல்லி அழைத்தார்.

"என்ன மாப்ள, சத்தத்தையே காணோம்? வீட்டுல உத்தரவு வாங்கணுமோ?"

கூட்டம் சிரித்தது. அவர் கையிலிருந்த கூலியைக் கொடுத்துப் பூசணிக்காய் வாங்கினார். அரிசி அறையால்தான் அவர் வீட்டில் அடுப்பு எரிந்தது என்பது அப்போது அப்பாவுக்குத் தெரியாது. அவர் பெயரை இங்கே எழுத மாட்டேன். ஒருமுறை ஊர் கேட்டதே போதும்.

அதன்பின் அவர் மனைவி அரிசிக்கு வரவில்லை. ஆயர் சொல்லி விவரம் அறிந்த அப்பா, என்னுடன் அவர்கள் வீட்டுக்கே போனார்.

"ஊரு பாக்க அவுக ஏலம் கேட்டாகண்ணே. அந்த ஊரு முன்னால நான் அரிசிப் பையோட வந்து நிக்கவா?" என்றார் அந்த அம்மையார்.

"பிள்ளைக சாப்பாட்டுக்கு?"

"அதான் பூசணிக்கா இருக்குல்ல."

அடுத்த ஞாயிறு, அப்பா மஞ்சள் பையோடு அரிசி வரிசையில் முதல் ஆளாக நின்றார். பேச்சுப்போட்டியில் வறுமையைப் பற்றி முழங்கிக் கோப்பை வென்றிருந்த நான், தூணுக்குப் பின்னால் மறைந்தேன். வீட்டுக்கு வந்து, "நம்ம மானம் போகுதுப்பா" என்றேன்.

"போகட்டும் ஆத்தா. நாலு பேரு நின்னாத்தான் அவுக வந்து நிப்பாக."

பிறகு ஆயரின் துணைவியார் நின்றார், கடைக்காரர் நின்றார். ஒருநாள் அந்த அம்மையாரும் வந்து நின்றார். அப்பா தாம் வாங்கிய அரிசியைச் சத்தமின்றி, ஆலயத்தில் காணிக்கை அரிசி சேர்க்கும் பிடியரிசிப் பானையில் திருப்பிப் போட்டுவிடுவார். ஏலத்தில் அதன்பின் எவர் பெயரையும் அவர் அழைத்ததில்லை. கடைசி நாட்களில் குரல் அடங்கிய பின்னும் கண்ணால் அந்த மஞ்சள் பையைத்தான் தேடினார்.

நோயில் துணைநின்ற மருத்துவர்களுக்கும், ஜெபித்த சபையாருக்கும், அவர் சவப்பெட்டி சுமந்த தோள்களுக்கும் எங்கள் குடும்பம் நன்றி கூறுகிறது. அத்தோள்களுள் ஒன்று, நான் பெயர் சொல்லாதவருடையது.

கடந்த ஞாயிறு அந்தப் பையோடு வரிசையில் நின்றேன். தலை நிமிரவில்லை, கால் நகரவில்லை. பின்னாலிருந்து அந்த அம்மையார் சொன்னார்:

"முன்னால போ ஆத்தா. அண்ணன் இப்பிடி வழிய மறிக்க மாட்டாக."

அவருக்கும் என் நன்றி. நகர்ந்தேன்.