பஸ்ஸில் வந்த ரத்தம்

பொய்யென்று எனக்கே தெரிந்த ஒரு பரிசோதனையைக் காட்டி, என் அக்காவை நோயோடு வீட்டுக்கு அனுப்பினேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நீங்கள் யாரென்று தெரியாததால்தான் உங்களிடம் சொல்ல முடிகிறது.

கோவையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். ஆப்டமர் என்பது சின்னஞ்சிறு டி.என்.ஏ. துண்டு, செல்லின் மேலுறையில் உள்ள ஒரு புரதத்தைத் தேடிப் பிடித்து ஒட்டிக்கொள்ளும். ரத்தப் புற்றுநோய்ச் செல்களில் மிகுந்திருக்கும் ஒரு புரதத்துக்காக நான் ஒன்றை உருவாக்கி, ஒளிரும் சாயம் சேர்த்தேன். நோயாளிகளின் ரத்தம் ஒளிர்ந்தது. நோயில்லாதவர் ரத்தம் இருண்டே இருந்தது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

உடன் வேலை பார்த்த ஸ்டெல்லாதான் முதலில் சந்தேகப்பட்டாள்.

"ஏனுங்க சார், நோயாளிங்க ரத்தம் ஈரோட்டுல இருந்து வெயில்ல பஸ்ல வருது. மத்தது நம்ம கையில இருந்து அப்பவே எடுக்கறது. வழியில செத்துப்போன செல்லு எந்தத் துண்டையும் உள்ள இழுத்துக்குமுங்க. எந்தப் புரதத்தையும் புடிக்காத வெறும் துண்டு ஒண்ணு போட்டுப் பாக்கலாமுங்களா?"

நானோ அவளையே சந்தேகப்பட்டேன். பொறாமையோ? ஆய்வுக்கூடத் தலைவரிடம் போட்டுக்கொடுப்பாளோ? நான் இல்லாதபோது என் குழாய்களைத் தொடுகிறாளோ? அவள் பக்கத்தில் வந்தாலே கணினித் திரையை அணைத்தேன்.

அவள் விடுப்பில் போன அன்று, நோயாளி ரத்தத்தில் அந்த வெறும் துண்டை நானே போட்டுப் பார்த்தேன். அதுவும் ஒளிர்ந்தது... அதே அளவு. நான் இத்தனை நாள் கண்டுபிடித்துக்கொண்டிருந்தது நோயை அல்ல, பஸ் பயணத்தை. அப்போதும் என் முதல் எண்ணம் என்ன தெரியுமா? இவள்தான் எதையோ கலந்துவிட்டாள் என்பது. எவ்வளவு கேவலம்! குழாயைக் கழுவி ஊற்றிவிட்டு, மறுநாள் அவளிடம், "பார்த்துட்டேன், சரியா இருக்குதுங்க" என்றேன்.

பிறகு சென்னிமலையிலிருந்து அக்கா வந்தாள். ஓயாத அசதி, அடிபடாமலே தோலில் நீலத் திட்டுகள்.

"உன்ற மெசினுல பாத்துச் சொல்லு கண்ணு. ஆஸ்பத்திரிக்கெல்லாம் நான் போவமாட்டேன்."

காந்திபுரத்தில் ஏதாவது ஒரு சாதாரண லேபுக்குக் கூட்டிப்போயிருந்தால் போதும். ஏன் போகவில்லை? ஸ்டெல்லா பார்த்துக்கொண்டிருந்தாள். சொந்த அக்காவையே வெளியே அனுப்பினால், என் பரிசோதனையை நானே நம்பவில்லை என்று கண்டுகொள்வாளே... அந்தப் பயம்தான். அக்காவின் ரத்தத்தை அங்கேயே எடுத்து உடனே பார்த்தேன். இருண்டிருந்தது. பஸ்ஸில் வராத ரத்தம் இருண்டுதான் இருக்கும் என்று எனக்கு முன்பே தெரியும்.

"ஒண்ணுமில்லீங்கக்கா, வெறும் அசதிதான்."

அவள் மயங்கி விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரி. ரத்தப் புற்றுநோய், முற்றிவிட்டது என்றார்கள்.

"அன்னைக்கே என்ற தம்பி பாத்தானுங்க. அப்ப இல்லீங்க, பொறவுதான் வந்திருக்குது" என்று டாக்டரிடம் எனக்காகப் பரிந்து பேசுகிறாள். உண்மையிலேயே நம்புகிறாளா? எல்லாம் தெரிந்தும் என்னைக் காப்பாற்றுகிறாளா? அவள் முகத்தைப் பார்த்து அறிந்துகொள்ள எனக்குத் துணிவில்லை.

நேற்று தன் மகளைக் கூப்பிட்டு என் முன்னால் நிறுத்தினாள்.

"இவளையும் ஒருக்கா பாத்துப்போடு கண்ணு. நீ இல்லைன்னு சொல்லிட்டா நான் நிம்மதியாக் கெடப்பேன்."

பிள்ளை அப்போதே சட்டைக் கையை மடித்துக்கொண்டு நின்றாள்.

"சரிங்கக்கா" என்றேன்.