மேகம் பார்த்து ஆடிய கோல்ஃப்

திருத்தங்கலுக்குக் குடிபோக நான் சம்மதித்ததற்குச் சொந்தபந்தம் காரணம் இல்லை, வெயில்தான் காரணம். வருவாய்த் துறையில் நெடுங்காலம் மலை மாவட்டத்தில் வேலை பார்த்தவன் நான். அங்கேதான் கோல்ஃப் கற்றேன். ஆனால் மலையில் ஆடியில் காற்று, ஐப்பசியில் மழை, மார்கழியில் பனிமூட்டம். வருடத்தில் பாதி நாள் மட்டைப் பையைச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டு ஜன்னல் வழியாக வெள்ளையாக எதையோ பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஓய்வு பெற்றதும் மனைவி தன் அப்பா வீட்டுக்குப் போய்விடலாம் என்றபோது, மழையே பெய்யாத ஊர் என்ற ஒரே தகுதிக்காகத் தலையாட்டினேன். முந்நூற்று அறுபத்தைந்து நாளும் ஆடலாம். இந்த வயதில் கை ஒருமுறை விட்டுப்போனால் திரும்பாது என்பது கோல்ஃப் ஆடுகிறவர்களுக்குத் தெரியும். எனக்கு அந்தப் பயம் ஒன்றுதான் இருந்தது.

முறையான மைதானத்துக்குப் போய்வர ஒரு நாள் முழுக்கப் பயணம் செய்ய வேண்டும். ஆனால் ஆனைக்குட்டம் போகிற வழியில் மனைவி பங்குக்கு வந்த மானாவாரி நிலம் சும்மா கிடந்தது. பட்டா, சிட்டா, அடங்கல், புல வரைபடம் எல்லாம் பார்த்தேன். வில்லங்கம் இல்லை. கிழக்குப் பாதி கரிசல், மேற்குப் பாதி சரளை. சரளைப் பக்கத்து வேலிக்கு அப்பால் ஒரு பட்டாசுக் கம்பெனி. அதன் ஷெட்டுகளுக்கும் வேலிக்கும் நடுவே சட்டப்படி விட்டாக வேண்டிய காலி இடத்தை விட்டிருந்தார்கள். அதையும் கண்ணால் அளந்து பார்த்தேன். குறை சொல்ல முடியவில்லை. பழக்கதோஷத்தில் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

சீமைக்கருவேலத்தை வெட்டி ஒதுக்கி, ஆளை வைத்துச் சமன்படுத்தி, நான்கு குழி தோண்டினேன். ஊர் இதை எடுத்துக்கொண்ட விதம் தனி. அச்சகம் வைத்திருக்கிற என் மைத்துனர் ஒருநாள் பைக்கில் வந்து, நான் பந்தை அடித்துவிட்டு அதைத் தேடி நடப்பதை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

“அத்தான், நீங்களே அடிச்சு நீங்களே போய் எடுக்கீக. எதுக்க ஆளு கிடையாதா?”

கிடையாது என்றேன்.

“அப்ப யாரு செயிக்கா?”

விளக்கினேன். மரியாதைக்குத் தலையை ஆட்டிவிட்டு, காலண்டர் சீசன் ஆர்டர் கிடப்பதாகச் சொல்லிப் போய்விட்டார். அதற்குப் பிறகு தெருவில் என்னைப் பார்த்தவர்கள் எல்லாரும் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். முதல் இரண்டு வாரம் அதிகாலையிலேயே போய் அடித்தேன். காற்று இல்லை, ஈரம் இல்லை, ஆள் இல்லை. சரளையில் இரும்பு மட்டை உரசினால் ‘டங்’ என்று ஒரு சத்தம் எழும், பந்து பறக்கும். ஊர் மாறியது சரியான முடிவு என்று மனைவியிடம் என் வாயாலேயே சொன்னேன்.

அந்த வாரமே கம்பெனி போர்மேன் வேலியைச் சுற்றி நடந்துவந்தார். சட்டையில் அலுமினியப் பொடி மினுங்கியது. கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“ஐயா, கோவிச்சுக்கிடாதீக. நீங்க அடிக்கிற சத்தத்துல எங்கயோ வெடிச்சிருச்சுன்னு உள்ள பொம்பளையாளுக பதறிப்போறாளுக.”

வேலை செய்கிற இடத்துக்கும் நான் நிற்கிற இடத்துக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருக்க வேண்டும், எவ்வளவு இருக்கிறது, இரும்புக் கருவி கூடாது என்கிற விதி எந்த எல்லைக்குள் செல்லும், பட்டா நிலத்தில் எனக்குள்ள உரிமை என்ன என்று வரிசையாக எடுத்துச் சொன்னேன். நடுவில் ஒருமுறைகூடக் குறுக்கிடாமல் கேட்டார்.

“சட்டப்படி நீங்க சொல்றது அம்புட்டும் சரிதான். நேத்துக் காலையில திரி சொருகிக்கிட்டு இருந்த ஒருத்தி, சத்தம் கேட்டதும் போட்டது போட்டபடி ஓடிட்டா. அவ ஓடவும் எல்லாரும் ஓடிட்டாளுக. ஒருத்தி விழுந்து முட்டி சிராச்சுப்போச்சு. ஓடாதன்னு நான் சொல்ல முடியாதுல்ல? ஓடுன்னு சொல்லிக் கொடுத்ததே நாந்தான்.”

இந்தப் பக்கத்தில் எங்காவது ‘டொம்’ என்றால் கடைக்காரர் தராசைப் போட்டுவிட்டு வெளியே வந்து எந்தத் திசையில் புகை எழுகிறது என்று பார்ப்பார். என் மனைவியும் குழம்பை அடுப்பில் விட்டுவிட்டு மாடிக்கு ஏறுவாள். அதைப் பார்த்துக்கொண்டே இந்த ஊரில் குடியிருப்பவன் நான்.

வேலை நடக்காத நேரத்தில் மட்டும் அடிப்பதாக ஒத்துக்கொண்டேன். அப்போது அது பெரிய விட்டுக்கொடுத்தலாகத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டபோதுதான் தெரிந்தது. வெடிமருந்தைக் கலப்பது விடியற்காலையில் நடக்கும், அதனால் காலை போயிற்று. சாயங்காலம் ஆட்களை ஏற்றிக்கொண்டு கடைசி வேன் கிளம்பும்போது பொழுது சாய்ந்துவிடும். பந்து விழுந்த புதர் தெரியாது, புதரில் இருக்கிற பாம்புக்கு என்னைத் தெரியும். ஞாயிறு விடுமுறை என்றால் சுற்றுவட்டாரப் பையன்கள் அத்தனை பேரும் நான் காசு கொடுத்துச் சமன்படுத்திய இடத்தில் கிரிக்கெட் ஆடினார்கள். தாத்தா ஒதுங்கி நின்றால் நல்லது என்று தன்மையாகவே சொன்னார்கள். தீபாவளி நெருங்கினால் ஞாயிறும் வேலை. தீபாவளி முடிந்து கம்பெனி மூடினால், மழையே பெய்யாத இந்த ஊரிலும் ஐப்பசி அடைமழை.

மிஞ்சியது இடி மின்னல். மின்னல் அடித்தால் உற்பத்தியை நிறுத்தி ஆட்களை வெளியே அனுப்ப வேண்டும் என்பது பட்டாசு விதி. மின்னல் அடித்தால் ஆட்டத்தை நிறுத்தி மைதானத்தை விட்டு வெளியேற வேண்டும் என்பது கோல்ஃப் விதி. இரண்டு விதிகளையும் முழுதாகப் படித்தவன் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அதனால் எனக்கு ஒரு பிரயோசனமும் இல்லை.

கடைசியில் எனக்கு வாய்த்தது மூடாப்பு நாள். இடி இல்லாமல் வானம் கவிந்து தூறினால் எதையும் காயவைக்க முடியாது. ஆட்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்த நாட்களில் ஆடலாம். மழையே பெய்யாத ஊர் என்று தேடிவந்தவன் தினமும் மாடியில் நின்று மேகம் தேட ஆரம்பித்தேன். மேகம் வந்தால் தெருவே முகம் வாடும். நான் மட்டும் சிரித்த முகத்தோடு பால் வாங்கப் போவேன். இருக்கன்குடிக் கோயிலுக்குப் போய்வந்த மனைவி, தன் தம்பியின் காலண்டர் அச்சு காய்வதற்காக மழை வேண்டாம் என்று வேண்டிக்கொண்டதாகச் சொன்னாள். நான் என்ன வேண்டியிருப்பேன் என்று அவள் கேட்கவில்லை.

புரட்டாசியில் ஒருநாள் விடியும்போதே தூறிக்கொண்டிருந்தது. பல வாரங்களாக மட்டையைத் தொடவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். கம்பெனி வாசலில் முப்பது நாற்பது பெண்கள் தூக்குச்சட்டியோடு வேப்பமரத்தடியில் நின்றிருந்தார்கள். இறக்கிவிட்ட வேன் போய்விட்டது, திரும்பி வர வேண்டும். சீசன் நேரத்தில் ஒரு நாள் சம்பளம் போன கோபம் முகங்களில் தெரிந்தது. நானோ தொப்பியும் பையுமாக அந்த வழியே போக வேண்டியிருந்தது. கண்டுகொள்ளாமல் கடந்துவிடப் பார்த்தேன்.

“நமக்கு லீவு விட்டா தாத்தாவுக்கு வேலை வந்துருது பாரு,” என்றாள் ஒருத்தி.

“இவுகதானா அந்த டங்கு டங்கு?” என்றாள் இன்னொருத்தி.

பிறகு எல்லாரும் வேலியோரம் வந்து நின்றுகொண்டார்கள். போர்மேன் என்னைப் பார்த்துக் கையை விரித்தார். வயதான அம்மாள் ஒருத்தி முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு சொன்னாள்:

“அடிங்க சாமி. இன்னைக்கு உள்ள ஒண்ணும் இல்ல. எங்கள ஓட வச்ச சாமானத்த நாங்களும் பாத்துக்கிடுதோம்.”

இவ்வளவு பேர் பார்க்க நான் என்றும் ஆடியதில்லை. கரிசல் பக்கம் போக முடியாது. ஈரத்தில் ஒவ்வொரு காலிலும் ஒரு படி மண் ஏறிக்கொள்ளும். அதனால் சரளைப் பக்கமே பந்தை வைத்தேன். நிதானமாக மட்டையை ஓங்கினேன். ‘டங்’. கை விட்டுப்போகவில்லை. பந்து நேராக, வெகுதூரம் போனது.

பெருமையோடு திரும்பினேன். ஒருவரும் பந்தைப் பார்க்கவில்லை. அத்தனை பேரும் தோளைக் குறுக்கிக்கொண்டு ஷெட்டுகளின் பக்கம் திரும்பியிருந்தார்கள். முன்னால் நின்றவள் இரண்டடி ஓடியே போயிருந்தாள். உள்ளே ஒன்றும் இல்லை என்று சொன்ன அம்மாள் பக்கத்தில் நின்றவளின் கையைப் பிடித்திருந்தாள். அதன்பிறகுதான் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

“இன்னொண்ணு அடிங்க, இந்தத் தடவ அசைய மாட்டோம்,” என்றார்கள்.

இரும்பு மட்டையைப் பையில் போட்டேன். குழியைச் சுற்றிக் கொஞ்சம் மணல் பரப்பி வைத்திருந்தேன். அங்கே போய், பந்தை மெல்ல உருட்டிக் குழியில் விடுவதற்கான குட்டை மட்டையை எடுத்தேன். அதற்குச் சத்தம் கிடையாது. கோல்ஃபில் இதுதான் கடினமான பகுதி, இதற்குத்தான் பயிற்சி அதிகம் வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையும் அதுதான். குனிந்து, மூச்சைப் பிடித்து, ஒரு முழத் தூரம் உருட்டினேன். பந்து குழிக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டது.

வேலியோரம் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

“இதுக்கா தாத்தா இம்புட்டுப் பெரிய பையத் தூக்கிக்கிட்டு வந்தீக?” என்றாள் முதலில் பேசியவள்.