பச்சை ஏறும் சரிவு

கல்யாண வீடுகளில் "சிரிங்க, சிரிங்க" என்று தொண்டை வற்றக் கத்திப் பிழைத்தவர் போட்டோக்காரர். எரிந்துபோன மலையை ஒரு வருஷத்துக்கு மாதாமாதம் படம் எடுக்க வனத்துறை ஆள் தேடியபோது, முதல் ஆளாகப் போய் நின்றார். கூலி சொற்பம். ஆனால் தீக்குப் பிறகு அந்த மலையில் வேறு யாரையும் ஏறவிடவில்லை. அவருடைய அண்ணன் அங்கேதான் எங்கோ கிடந்தார்.

அண்ணன் காட்டுக் காவலர். தீயை அணைக்கப் போனவர்களில் மற்றவர்கள் கருகியாவது கிடைத்தார்கள். இவர் மட்டும் கிடைக்கவில்லை. சில நாள் தேடிவிட்டு, 'காணவில்லை' என்று எழுதிக் கைகழுவிவிட்டார்கள். நல்ல நியாயம்!

சரிவின் ஓரத்தில் ஓர் இரும்புக் கம்பி நட்டிருந்தார்கள். அதன்மேல் கேமராவை வைத்து, அதே பக்கம் பார்த்து, அதே படத்தை எடுக்க வேண்டும். கம்பியைத் தாண்டி ஓர் அடி வைக்கக் கூடாது. முளைத்து வருவது மிதிபட்டால் எல்லாம் வீணாம். மீறாமல் பார்த்துக்கொள்ளக் கூடவே ஒரு காவலாளி.

முதல் மாதம் வெறும் கரி. அண்ணி ஸ்டுடியோவுக்கு வந்து, படத்தைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கி, கல் கல்லாக, கட்டை கட்டையாகப் பார்த்தார். எடுத்து அடக்கம் செய்ய ஒரு பிடி எலும்பு. அவர் கேட்டது அவ்வளவுதான்.

"தம்பி, இது என்ன கறுப்பா?"

"வேர், அண்ணி."

"இது?"

"கல்லு."

மழை பெய்தது, புல் தலைகாட்டியது. படத்தைப் பார்த்த வனத்துறை ரேஞ்சருக்கு வாயெல்லாம் பல். "பாத்தியா, மலை பொழச்சிக்கிச்சு!"

போட்டோக்காரருக்கு வயிறு எரிந்தது. "சார், ஒரே ஒரு நாள் உள்ள எறங்கித் தேடிக்கிறேன்" என்று கெஞ்சினார்.

"வருஷம் முடியட்டும்யா. அவசரப்பட்டுக் கெடுத்துடாத."

முழங்கால் அளவு, இடுப்பளவு என்று முள்ளும் கொடியுமாக ஏறிக்கொண்டே போனது. ஊரே பார்த்துப் பூரித்த அந்தப் பச்சையை அவர் மனதாரச் சபித்தார். ஒவ்வொரு படத்திலும் அண்ணன்மேல் இன்னொரு போர்வை. அண்ணியும் ஸ்டுடியோவுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். திரை முழுக்க இலையாக இருந்தால் எதைப் பெரிதாக்குவது?

வருஷம் முடிந்து அனுமதி கிடைத்தது. அவரும் அண்ணியும் சரிவில் இறங்கினார்கள். ஆள் உயரப் புல். வெட்டி விலக்கினால் அடியில் ஈர மண். கரிகூடக் கரைந்து போயிருந்தது. பொழுது சாய்வதற்குள் இருவர் கையிலும் முள் கிழித்த ரத்தம். அதற்குமேல் முடியாமல் அண்ணி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவரை வெறுங்கையோடு வீட்டுக்குக் கூட்டிப்போக போட்டோக்காரருக்கு மனசு வரவில்லை.

"இங்கதான் அண்ணி" என்று ஒரு மரக்கன்றின் அடியைக் காட்டினார். "மண்ணு வேற மாதிரி இருக்கு பாருங்க."

அண்ணி உட்கார்ந்தார். மண்ணைத் தொட்டார். ஒரு வருஷமாக நெஞ்சை அடைத்துக் கிடந்த அழுகை பீறிட்டு வந்தது. அழுது ஓய்ந்ததும் கையால் முகத்தைத் துடைத்தார்.

"உனக்குப் பொய் சொல்லவே வராது, தம்பி."

போட்டோக்காரர் அரிவாளைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பரவால்ல விடு. எங்கயாவது ஒரு எடத்துல உக்காந்து அழணும்ல."