அக்காவின் நாடி

சித்தப்பாவின் மேல் எனக்கு இருக்கும் கோபம் இன்னும் ஆறவில்லை. பிரஷரும் சுகரும் வந்து மெலிந்துபோனார், பாவம் என்கிறார்கள். நான் பாவம் பார்ப்பதாக இல்லை.

எனக்கு அப்போது பத்து வயது. நாங்கள் குடியேறியிருந்த சட்டன் நகரில், எங்கள் கோயில் மண்டபத்தில் ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் இரத்ததானம் நடந்தது. அம்மாவின் ஒப்பரேசனில் யாரோ முகம் தெரியாதவர்களின் இரத்தம்தான் அவரைக் காப்பாற்றியது. அதற்குப் பதிலாகத் தானும் கொடுக்கவேண்டும் என்று, தினமும் ஓடிப் பழகிவந்த அக்கா பதினேழு வயது ஆகும்வரை காத்திருந்தாள். நர்ஸ் அவளுடைய உயரத்தையும் நிறையையும் கேட்டு, ஒரு அட்டவணையைப் பார்த்துவிட்டு, இப்போது எடுக்க முடியாது என்று பணிவாகத் திருப்பி அனுப்பினார்.

பக்கத்துக் கட்டிலில் இரத்தம் கொடுத்துக்கொண்டிருந்த சித்தப்பாவின் காதில் பாதிதான் விழுந்தது. ஜேர்மனியிலிருந்து வந்து ஸ்ட்ரெதமில் கடை போட்டிருந்த அவருக்கு அந்தப் பாதியே போதும். தேத்தண்ணி குடிக்க நின்ற சனம் முழுவதற்கும் கேட்கச் சொன்னார்.

“இவளின்ர உடம்பில ரத்தம் காணாதாம். என்னட்டை ரெண்டு பை எடுத்திருந்தாலும் தெரிஞ்சிராது.”

“எனக்கு ஒரு நோயும் வருத்தமும் இல்லை சித்தப்பா. சின்ன உடம்பில ரத்தமும் அதுக்கேத்த அளவுதான் இருக்கும். அதில ஒரு பை எடுத்தால் மயங்கிடுவன் எண்டு பாக்கினம், அவ்வளவுதான்.”

“அதைத்தானே பிள்ளை நானும் சொல்றன். இருக்கிறதே கொஞ்சம், அதுக்குள்ள ஓட்டம் வேறயோ?”

சனம் சிரித்தது. அம்மா சிரிக்கவில்லை. அன்று பின்னேரமே ஆட்டு ஈரலும் பீட்ரூட்டும் வாங்கிவந்தார். இரத்தம் காணாத பிள்ளை என்று ஊருக்குத் தெரிந்துவிட்டது, நாளைக்கு யார் கட்டுவான் என்பது அவர் கவலை. இனி ஓடக்கூடாது என்றும் சொல்லிவிட்டார். அடுத்த சனிக்கிழமை ஓட்டக் கழகத்துக்கு ஆள் எடுக்கும் போட்டி. இரண்டு வருடமாக அக்கா விடியவெள்ளன எழும்பி மழையிலும் ஓடியது அதற்காகத்தான். “நான் ஓடத்தான் போறன்,” என்று சொல்லிவிட்டுக் கதவை அடித்துச் சாத்தினாள்.

நான் பிறவியிலேயே பயந்தவள். அந்த வாரம் முழுவதும் எனக்கு நித்திரை இல்லை. ஓடும்போது இருக்கிற கொஞ்ச இரத்தமும் வேர்வையாய்ப் போய், அக்கா பாதி வழியில் விழுந்து செத்துப்போவாள் என்றே நம்பினேன். பழைய துணி சேர்ப்பவர்கள் கதவுக்குள்ளால் போட்டுவிட்டுப் போகும் பிளாஸ்டிக் பை ஒன்று வீட்டில் கிடந்தது. வெள்ளிக்கிழமை காலை அக்காவின் ஓட்டச் சப்பாத்துகளை அதற்குள் போட்டு வாசலில் வைத்தேன். பள்ளிக்கூடத்தால் வந்தபோது அவர்களின் வான் வந்து பையை எடுத்துப் போயிருந்தது.

அக்கா வீட்டைப் புரட்டித் தேடினாள். நானே ஒத்துக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து வந்த சித்தப்பா என் தலையைத் தடவி, “உனக்குத்தான்டி இந்த வீட்டில மூளை இருக்கு,” என்றார். அக்கா அவரை வெளியே போகச் சொல்லிக் கத்தினாள். எங்கள் குடும்பத்தில் ஒரு பிள்ளை அப்படிப் பேசியது அதுதான் முதல்தடவை. அம்மா அவளுக்கு அறைந்தார். சனிக்கிழமை அவள் போட்டிக்குப் போகவில்லை. பிறகும் ஓடவில்லை.

பதினாறு வயதோடு படிப்பை விட்ட எனக்கு அந்த விஷயம் விளங்க இன்னும் பத்து வருடம் பிடித்தது. இரத்தத்தின் அளவு உடம்பின் அளவை மட்டும் பொறுத்ததல்ல. தொடர்ந்து ஓடுகிறவர்களின் உடம்பில் அது கூடுமாம். அட்டவணைக்கு அக்காவின் உயரமும் நிறையும் தெரியும், இரண்டு வருட ஓட்டம் தெரியாது. வீட்டில் இருந்த எங்களுக்கு அது தெரியும். தெரிந்தும் நாங்கள்தான் நிற்பாட்டினோம்.

அந்த வெள்ளிக்கிழமை, கத்தி ஓய்ந்து கட்டிலில் நெடுநேரம் கிடந்த அக்கா என்னைக் கூப்பிட்டாள். என் விரல்களை எடுத்துத் தன் மணிக்கட்டில் வைத்து அழுத்தினாள்.

“பார். நான் சாகப் போறனோ?”

என் மற்றக் கையை என் நெஞ்சிலேயே வைத்திருந்தேன். அங்கே இரண்டு தரம் அடித்து முடிய, அவளுடையது ஒருதரம் அடித்தது. பொறுத்துப் பொறுத்து, ஒவ்வொன்றாக அடித்தது. ஓடிப் பழகிய இதயம் அப்படித்தான் அடிக்கும், ஒரே அடியில் நிறைய இரத்தத்தைத் தள்ளும் என்று அப்போது எனக்கு யார் சொன்னது? அக்காவின் உயிர் முடியப்போகிறது என்று நினைத்து, அவளுடைய கையை விடாமல் பிடித்துக்கொண்டு அழுதேன்.