கடலைப் பலகைக்கு யார் சொந்தக்காரர்?

புதுச் சாமானைச் சந்தைக்குக் கொண்டுபோகிறவளுக்கு முதல் வேலை விற்பதல்ல, "இது என்னம்மா?" என்று கேட்கிற ஆயிரம் பேருக்குப் பதில் சொல்வது. குந்தாரப்பள்ளிச் சந்தையில் சாக்கு விரித்து உட்கார்ந்து நான் பதில் சொல்ல ஆரம்பித்து இது இரண்டாவது வருஷம். மடியில் குழந்தை, எதிரே சாமான், தலைக்கு மேலே வெயில், முதுகுக்குப் பின்னால் யாரோ விற்கக் கொண்டுவந்த மாடு. இப்படி வியாபாரம் பண்ணிப் பார்த்தவர்கள் இதைப் படித்தால் "நம்ம கதியேதான்!" என்று சிரிப்பீர்கள். நன்றாகச் சிரியுங்கள். எனக்கும் இப்போது சிரிப்புத்தான் வருகிறது.

என் சாமான் கடலைப் பலகை. விதைக்கு வைக்கிற நிலக்கடலையை மிஷினில் கொடுத்தால் பருப்பு பிளந்துவிடும், பிளந்தது முளைக்காது. அதனால் எங்கள் பக்கத்தில் விதைப்புக் காலம் வந்தால் பெண்கள் மூட்டை மூட்டையாகக் கையால் உடைப்போம். விரல் நுனியெல்லாம் எரியும். எனக்கோ அதற்கு இரண்டு கையும் சேர்ந்து கிடைக்காது. நாலு மாதக் குழந்தை சரசு ஒரு கையைப் பிடித்துவைத்துக்கொள்வாள். மிச்சமிருந்த ஒரு கையால் கடலை உடைக்க வழி தேடித்தான் இதைக் கண்டுபிடித்தேன்: இரண்டு பலகைத் துண்டு, ஒரு முனையில் கீல், நடுவில் கடலை நிற்க ஒரு குழி. மேல் பலகையை அழுத்தினால் ஓடு மட்டும் டப்பென்று உடையும். சைக்கிள் கடை வைத்திருக்கிற என் வீட்டுக்காரர், சைக்கிள் வந்த மரப்பெட்டியை அறுத்துச் செய்து கொடுத்தார். நான் விற்கக் கிளம்பினேன். இது யாருடையது என்ற வழக்கும் அன்றைக்கே என்னோடு கிளம்பிவிட்டது.

காலுக்கு வந்த தடை

முதலில் நான் செய்தது கால் பலகை. கட்டைவிரலில் ஒரு கயிறு மாட்டிக்கொள்வேன். காலை அழுத்தினால் கடலை உடையும், தூக்கினால் மேல் பலகையும் கூடவே எழும்பும். முதல் சந்தையிலேயே கூட்டமான கூட்டம்! கன்னடம் பேசுகிற விவசாயி ஒருவர் முன்னால் வந்து குந்தி, பலகையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். சந்தோஷமாகத் தலையை ஆட்டினார். நான் காலால் உடைத்துக் காட்டினேன். அவ்வளவுதான், முகம் மாறிவிட்டது. "காலல்லி பேடம்மா," என்று எழுந்துவிட்டார். காலால் வேண்டாமாம். "விதையைப் போய் மிதிக்கிறதா? லட்சுமி அல்லவா?" என்று அவர் தமிழிலும் ஒரு தரம் சொல்ல, கூட்டம் மொத்தமும் கலைந்தது.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. முறத்தில் தெரியாமல் கால் பட்டால்கூடத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவள்தானே நானும்! குழந்தையையே நினைத்துக்கொண்டிருந்ததில் இது உறைக்கவில்லை. அந்த வாரமே பலகையைக் குட்டையாக்கி, சம்மணம் போட்டு உட்கார்ந்து முட்டியால் அழுத்துகிற மாதிரி மாற்றினோம். அடுத்த சந்தையில் அவரைத் தேடிப் பிடித்துக் கூட்டிவந்தேன். சாக்கிலேயே உட்கார்ந்து, தன் முட்டியால் பத்துக் கடலை உடைத்துப் பார்த்துவிட்டு, இரண்டு பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சொன்னார்: "இதையே போன வாரம் செஞ்சிருந்தா, நான் ரெண்டு தரம் நடந்திருக்க மாட்டேனே தாயி!"

கடையில் தொங்கிய டியூப்

முட்டிப் பலகையில் ஒரு குறை. கட்டைவிரல் கயிறு போய்விட்டதால் ஒவ்வொரு தரமும் மேல் பலகையைக் கையால் தூக்க வேண்டும். பரவாயில்லை என்று விற்றுக்கொண்டிருந்தேன். ஆடி மாதம் ஒரு சந்தையில், புளி விற்கிற வரிசைப் பக்கம் டப், டப், டப் என்று சத்தம். என் பலகையின் சத்தம்தான், ஆனால் என்னைவிட மூன்று மடங்கு வேகம்! குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடினேன். தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலிருந்து மண்வெட்டிக் காம்பு கொண்டுவந்து விற்கிற முனிசாமி ஆசாரி, காம்புகளை ஓரமாகத் தள்ளிவிட்டு என் பலகைகளை அடுக்கி வைத்திருந்தார்.

"இது என் பலகையாச்சே ஆசாரி!" என்றேன். மனுஷர் மறுக்கவே இல்லை. "உன்னோடதேதாம்மா. என் சம்சாரம் உன்கிட்ட வாங்கிட்டு வந்தா. தூக்கித் தூக்கி மணிக்கட்டு வலிக்குதுன்னு உன்னையும் சேர்த்துத் திட்டினா. நான் டியூப்பு வச்சேன்," என்று அழுத்திக் காட்டினார். கீலுக்குப் பக்கத்தில் ஒரு சைக்கிள் டியூப் துண்டை மடித்து வைத்திருந்தார். முட்டியை எடுத்ததும் மேல் பலகை தானாகவே எழும்பியது. கோபமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. "நான் கண்டுபிடிச்சதை நீங்க எப்படி விற்கலாம்?" என்று சத்தம் போட்டேன். "அப்ப அந்தக் கீலைக் கண்டுபிடிச்ச ஆசாரிகிட்ட நீ கேட்டுட்டா வச்சே?" என்றார் நிதானமாக.

அவருடைய பலகையில் ஒன்றை வாங்கிக்கொண்டு எங்கள் கடைக்கு வந்தேன். வாசல் நெடுக ஓட்டை டியூப்கள் புடலங்காய் மாதிரி தொங்குகின்றன! அன்று சாயங்காலத்துக்குள் எங்கள் பலகைக்கெல்லாம் டியூப் வைத்துவிட்டோம். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு என் வீட்டுக்காரர் சொன்னது: "டியூப்பு என்னுது, பலகை உன்னுது, யோசனை மட்டும் தேன்கனிக்கோட்டைக்காரருக்கு வந்திருக்கு, இதை வெளியே சொல்லிடாதே!"

நிரம்பாத பாரம்

இருந்தாலும் மனசு ஆறவில்லை. கிருஷ்ணகிரியில் மனு எழுதிக் கொடுக்கிற ஒரு பெரியவர், புதுச் சாமான் கண்டுபிடிப்பவர்களுக்கு சர்க்கார் பேட்டண்ட் என்று ஒன்று தருவதாகச் சொன்னார். படம் வரைந்து, விவரம் எழுதி, கல்கத்தாவுக்கு அனுப்ப வேண்டும். கிடைத்துவிட்டால் பல வருஷத்துக்கு நம்மைக் கேட்காமல் வேறு யாரும் அதைச் செய்யக் கூடாது. கேட்டதும் எனக்கு உட்கார முடியவில்லை! ஆசாரி மூட்டை கட்டிக்கொண்டு மண்வெட்டிக் காம்புக்கே திரும்புகிற காட்சி கண்முன்னால் வந்தது. பள்ளிக்கூடத்தில் படம் போட்ட கை. அங்கேயே பலகையை வரைந்து நீட்டினேன்.

பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "இதை வெளியே யாருக்கும் காட்டலையே?" என்றார். "நல்லாக் கேட்டீங்க! சந்தை முழுக்கக் காட்டியிருக்கேன்," என்றேன் பெருமையாக. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ஊரே பார்த்த பொருளைப் புதுசு என்று எழுத முடியாதாம். முதலில் எழுதிப் போட்டுவிட்டுத்தான் சந்தைக்குப் போயிருக்க வேண்டுமாம். "முதல்லயே எழுதிப் போட்டிருந்தா கால் பலகையைத்தானே போட்டிருப்பேன்? அதை யாருமே வாங்கலையே! நாலு பேர்கிட்டக் காட்டினாத்தானே நல்லதா கெட்டதான்னு தெரியும்?" என்று வாதாடினேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "சொத்தை வித்து, பல வருஷம் உட்கார்ந்து ஒருத்தன் ஒரு மிஷினைச் செய்யறான். மறுநாளே பக்கத்துக் கடைக்காரன் அதைப் பார்த்துச் செஞ்சா அவன் என்ன ஆவான்? அவனுக்காக வச்ச சட்டம்மா இது," என்றார். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. பிறகு விண்ணப்பப் பாரத்தின் கடைசி வரியைக் காட்டினார். இதை முதலில் கண்டுபிடித்தவள் நான்தான் என்று கையெழுத்துப் போட வேண்டும். "டியூப்பும் உன் யோசனைதானே?" என்றார். நான் சரசுவின் தலையைத் தடவிக்கொண்டு, அது ஆசாரியுடையது என்றேன். பாரத்தை மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார்: "உன் கேஸிலே எந்த வரியைப் பார்த்தாலும் ஒரே சிக்கல்தாம்மா, நீ பொய் சொன்னாத்தான் இந்தப் பாரம் நிரம்பும்."

வாராவாரம் யுத்தம்

பேட்டண்ட் இல்லை என்றானதும் எனக்கும் ஆசாரிக்கும் யுத்தம் தொடங்கியது. அவர் குழியை இரண்டாக்கினார். அடுத்த வாரம் நானும் இரண்டாக்கி, பருப்புக்குக் காயம் படாமல் சாக்குத் துணி ஒட்டினேன். அதற்கடுத்த வாரம் அவரும் சாக்கு ஒட்டி, ஓடு தானாகச் சரிந்து விழப் பலகையைச் சாய்வாக இழைத்துவிட்டார். சந்தைக்கு முந்தின நாளெல்லாம் எனக்குச் சோறு இறங்காது. நாளைக்கு அந்த மனுஷர் என்ன கொண்டுவருவாரோ! எங்கள் வேகத்தைப் பார்த்து வாங்க வந்தவர்களும் உஷாராகிவிட்டார்கள். பலகையைக் கையில் எடுத்த தன் தங்கையை ஒரு பெண் தடுத்ததை என் காதாலேயே கேட்டேன்: "கீழே வைடி, அடுத்த வாரம் வந்தா இதுக்கு இன்னும் ஒரு வித்தை சேர்த்திருப்பாங்க!"

கோட்டுப் பையில் வந்த காகிதம்

இந்த வருஷம் வைகாசியில், விதைப்பு நெருங்குகிற நேரம், பெங்களூரிலிருந்து கோட்டுப் போட்ட ஒருவர் என் சாக்குக்கு முன்னால் வந்து நின்றார். டைப் அடித்த இங்கிலீஷ் காகிதம் ஒன்றை விரித்தார். அதில் ஒரு படம். என் பலகை! கீல், குழி, ஆசாரியின் டியூப், எல்லாம் அச்சு அசலாக இருந்தது. "இதுக்கு நான் பேட்டண்ட் எழுதிப் போட்டிருக்கேன். இனிமேல் இரும்பில் என் கம்பெனிதான் செய்யும். நீங்க செஞ்சா கோர்ட்டுக்கு வரணும்," என்றார். கோர்ட் என்றால் சும்மாவா! அன்றைக்குத் துணைக்கு வந்திருந்த என் வீட்டுக்காரர் பலகைகளை மூட்டை கட்ட ஆரம்பித்தார். அதற்குள் ஆசாரி உளியும் கையுமாக ஓடிவந்தார். அவருக்கும் கோட்டுக்காரர் இதே காகிதத்தைக் காட்டியிருந்தார். ஆசாரி நேராக என் சாக்கில் உட்கார்ந்துகொண்டு, "தங்கச்சி, நீ கடையை எடுக்காதே. நீ எடுத்தா நானும் எடுக்கணும்," என்றார்.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. ஊரே பார்த்த பொருள் புதுசு இல்லை என்பது எனக்குச் சட்டம் என்றால் இவருக்கும் அதுதானே சட்டம்? "ஐயா, நீங்க எழுதிப் போட்டது எப்போங்க?" என்றேன். "தை மாசமே," என்றார் மிடுக்காக. "நான் போன வருஷம் வைகாசியிலிருந்து விற்கிறேன். டியூப்பு ஆடியில வந்தது." "அதுக்கு என்ன சாட்சி?" என்றார். ஆசாரி எழுந்து நின்று தெலுங்கில் ஒரு தரம், தமிழில் ஒரு தரம், சந்தையே திரும்பும்படி குரல் கொடுத்தார். விதைப்புக்கு முன்னால் டியூப் மாற்ற வந்திருந்த பெண்கள் ஆளுக்கொரு பலகையோடு சூழ்ந்துகொண்டார்கள். "என் நாத்தனார் கல்யாணத்துக்கு முந்தின வாரம் வாங்கினேன், போன ஆவணியில!" "எங்க மாடு கன்னு போட்ட அன்னைக்கு வாங்கினது, அந்தக் கன்னு இப்ப என்னையே முட்டுது!" ஒரே கூச்சல்.

நான் கோட்டுக்காரரை மறந்தே போனேன். பலகைகளைப் பார்த்தீர்களா! ஒருத்தி பின்னால் கைப்பிடி வைத்திருந்தாள். ஒருத்தி இடது முட்டிக்குத் தோதாக மாற்றியிருந்தாள். முட்டி மடங்காத ஒரு பெண், பலகையைத் திண்டு போல உயர்த்தி முழங்கையால் அழுத்துகிற மாதிரி செய்துகொண்டு வந்திருந்தாள். நானும் ஆசாரியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இதில் பாதி எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றாதது. கோட்டுக்காரர் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அது வெளியே வந்ததாக நான் கேள்விப்படவில்லை. போகிற போக்கில், தோற்றதைக் காட்டிக்கொள்ளாமல், "சரி, இத்தனையில் எதுதான் அசல்?" என்று கேட்டார். முழங்கைப் பலகைக்காரி பளிச்சென்று சொன்னாள்: "உங்க வீட்ல கடலை உடைக்கிற அம்மாவைக் கூட்டிக்கிட்டு வாங்க சாமி, அவங்களுக்கு எது வலிக்கலையோ அதுதான் அசல்!"

பாரம் எழுதிவிட்டுச் சந்தைக்குப் போகிறவர்களுக்குச் சாமான் சொந்தமாகும். சந்தைக்குப் போய்விட்டுப் பாரத்தைத் தேடிய எனக்கு ஒரு கீல்கூடச் சொந்தமில்லை, ஆனால் ஆசாரி டியூப் வைத்த நாளிலிருந்து ஒரு வாரமாவது நிம்மதியாகப் பழைய பலகையை விற்றேன் என்று என் எதிரிகூடச் சொல்ல முடியாது.