ப்ளஸ் வேதாச்சலம்

புத்தூர் ரயில்வே கேட் பக்கம் போய் வேதாச்சலம் கடை எது என்று கேட்டால் ஆளுக்கு ஒரு திசையைக் காட்டுவார்கள். ப்ளஸ் வேதாச்சலம் என்று கேளுங்கள், கையோடு அழைத்துக்கொண்டு போய் விடுவார்கள். கடைகளுக்கு போர்டு எழுதுவதும் வண்டிகளுக்கு ஸ்டிக்கர் வெட்டி ஒட்டுவதும் அவர் தொழில். தமிழும் தெலுங்கும் அச்சடித்தது போல எழுதுவார். ஆனாலும் அவருக்குப் பேர் வாங்கித் தந்தது என்னவோ அந்தச் சிவப்பு ப்ளஸ் குறிதான். கை கால் முறிந்தவர்கள் எங்கெங்கிருந்தோ கட்டுப் போட்டுக்கொள்ள வருகிற ஊர் அது. வைத்தியர் வீட்டு வாசல், மருந்துக்கடை, எக்ஸ்ரே எடுக்கிற இடம், நோயாளிகளை ஏற்றி இறக்குகிற ஆட்டோ என்று எங்கே திரும்பினாலும் அவர் போட்ட ப்ளஸ் கண்ணில் படும். தன் கறி சுத்தமான கறி என்று ஊருக்குத் தெரியவேண்டும் என்பதற்காக ஒரு கோழிக்கடைக்காரர் ப்ளஸ் கேட்டார். மனிதர் அதையும் போட்டுக் கொடுத்தார், பக்கத்தில் கறுப்பு நிழலோடு. நிழல் போடாத எழுத்து சட்டை போடாத ஆள் மாதிரி என்பது அவர் கட்சி.

செஞ்சிலுவை என்ற பெயர் அவருக்குத் தெரியாதது இல்லை. பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஆனால் புத்தூரில் அது ப்ளஸ். கூட்டல் கணக்குப் போட யாரிடம் அனுமதி கேட்கிறோம்? அது மாதிரி, கேட்டவருக்கெல்லாம் போட்டுத் தரலாம் என்றே இருபத்தைந்து வருஷமாக நினைத்திருந்தார்.

அவருக்கும் மனைவி ருக்மணிக்கும் ஒரே மகள் உதயா. திருப்பதியில் நர்சிங் படித்துவிட்டு, சூடானில் ஓர் ஆஸ்பத்திரியில் நாலு வருஷமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நாட்டில் ராணுவத்துக்கும் இன்னொரு படைக்கும் சண்டை மூண்டது. அன்றிலிருந்து ருக்மணி போனைக் கையிலிருந்து கீழே வைக்கவில்லை. லைன் கிடைத்தால் அன்றைக்குச் சோறு இறங்கும், இல்லையென்றால் இல்லை.

ஒருநாள் காலை பத்து மணிக்கு உதயாவே கூப்பிட்டாள்.

"நைனா, மொட்ட மாடி மேல பெரிசா ஒரு பிறை போடணும். மேல போற ப்ளேனுக்குத் தெரியணும். இங்க பெயின்டர் யாரும் இல்ல. நான் எங்க நைனா கிட்ட கேக்கறேன்னு சொல்லிக்கிறேன்."

வேதாச்சலத்துக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அந்த நேரத்திலும் நிமிர்ந்தது, என்ன செய்ய?

"எவ்ளோ எடம் கீது?"

"முப்பதுக்கு முப்பதடி."

"மொதல்ல எடம் பூரா வெள்ள அடிச்சிடு. நடுவுல ஒரு ஆளை நிக்க வெச்சி, பத்தடி கயிறு கட்டி ஒரு சுத்து சுத்து. அப்பால அந்த ஆளை ரெண்டடி தள்ளி நிக்க வெச்சி, ஒம்பதடி கயிறுல இன்னொரு சுத்து. ரெண்டுக்கும் நடுவுல கீறது பிறை. உள்ள நட்சத்திரம் அஞ்சு முனைதானே?"

"நட்சத்திரம் வேணாம் நைனா. போட்டா அது ஏதோ ஒரு நாட்டுக் கொடி ஆயிடும்."

"சரி, ஓரத்துல ஒரு ஷேடோவாவது…"

"ஒண்ணும் வேணாம். வெள்ள மேல செவப்பு, அவ்ளோதான். நம்ம ஊரு ப்ளஸ்ஸுக்குப் பதிலா இங்க பிறை, மதிப்பு ரெண்டுக்கும் ஒண்ணுதான். சண்டையில இந்தக் குறி இருக்கிற ஆஸ்பத்திரிய, ஆம்புலன்ஸ, நர்ஸ எவனும் அடிக்கக் கூடாது. நாங்களும் அடிபட்டவன் எந்தக் கட்சின்னு பாக்காம பாக்கணும். உலகத்துல எல்லா நாடும் கையெழுத்துப் போட்டுக்கிறாங்க. நெனச்சவன் போட்டுக்க முடியாது. நாங்க எழுதிக் கேட்டு, பர்மிசன் வாங்கித்தான் போடறோம்."

"அப்ப குறி போட்டுட்டா பயம் இல்ல."

உதயா குரலைத் தாழ்த்தினாள்.

"இருக்கக் கூடாதுதான். போன வாரம் ஒரு ஆம்புலன்ஸ சுட்டுட்டாங்க நைனா. அதுக்கு முன்னாடி எவனோ ஆம்புலன்ஸுக்குள்ள துப்பாக்கி ஏத்திக்கினு போய்க்கிறான். அது தெரிஞ்சதுல இருந்து வழியில நிக்கிறவன் எவனும் குறிய நம்பறது இல்ல. ஒருத்தன் பொய்யா போட்டுக்கினா, நெஜமா போட்டவன் சாவறான்."

சொல்லாமல் இருந்திருக்கலாம், ஆனால் வேதாச்சலத்துக்கு மனசில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாது.

"அம்மாடி, நான் கோழிக்கடைக்கெல்லாம் போட்டுக்கிறேனே."

உதயா சிரித்துவிட்டாள். ஒரு மாதத்துக்குப் பிறகு கேட்ட சிரிப்பு.

"நம்ம ஊர்லயும் அதுக்குச் சட்டம் கீது நைனா. டாக்டருங்ககூட இஷ்டத்துக்குப் போடக் கூடாது. எனக்கே இங்க வந்துதான் தெரிஞ்சுது."

லைன் அறுந்தது. பக்கத்தில் நின்று எல்லாம் கேட்டுக்கொண்டிருந்த ருக்மணி பொரிந்து தள்ளினார்.

"பொண்ணு போன் பண்ணா, வந்துடுடின்னு ஒரு வார்த்த சொல்லாம, கயிறு கட்டு, கோடு போடுன்னு பாடம் நடத்திக்கினு கீறியே. இன்னா மனுசன்யா நீ!"

ருக்மணி கேட்டதில் தப்பு எதுவும் இல்லை.

ஆனாலும் கணக்கு அவரை அரித்தது. ஒன்பதடி சரியா? உச்சி வெயில் வருவதற்குள் தன் வீட்டு மொட்டைமாடியில் சாக்பீஸும் கயிறுமாக ஏறினார். இடம் போதாமல் எல்லா அளவையும் பாதியாக்கி வரைந்துவிட்டு, தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி நின்று பார்த்தார். வெட்டிப்போட்ட நகம் மாதிரி ஒல்லியாக இருந்தது பிறை. தொட்டி உயரத்துக்கே இப்படி என்றால், விமானத்திலிருந்து பார்க்கிறவன் கண்ணுக்கு என்ன தெரியும்? மனிதர் ஆடிப்போய்விட்டார். அழித்து அழித்து நாலு தடவை போட்டுப் பார்த்து, உள் கயிறு எட்டடி, தள்ளுவது மூன்றடி என்று முடிவு செய்து, மூச்சு வாங்கிக்கொண்டே குரல் பதிவு அனுப்பினார். அது போய்ச் சேர்ந்ததற்கு அடையாளமாக இரண்டு நாள் கழித்து ஒரு படம் வந்தது. ஒரு நுனி கொஞ்சம் கோணல். மற்றபடி நல்ல தடிமனான, சிவந்த பிறை. வேதாச்சலம் அதைக் கடைக்கு வந்தவர் போனவர் எல்லோருக்கும் காட்டினார்.

அந்த வாரம்தான் ரமணா வந்தான். சொந்தமாக ஒரு வேன் வைத்து ஓட்டுகிறவன், தெரிந்த பையன்.

"முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு. ப்ளஸ் போடு அன்னா, அந்தே, அவ்ளோதான். நகரி செக்போஸ்ட்டுல எவனும் கை காட்டி நிறுத்த மாட்டான்."

"வேன்ல நோயாளி ஏத்தறியா?"

"நோயாளியா? மாங்கா அன்னா."

"போட மாட்டேன், போ."

"ஊருக்கெல்லாம் போட்ட, எனக்கு மட்டும் இல்லியா?"

"ஊருக்கெல்லாம் போட்டதுதான்டா தப்பு!"

அவர் இப்படிக் கத்தி ரமணா பார்த்ததில்லை. வேதாச்சலமே தன்னை அப்படிப் பார்த்ததில்லை. அன்று மத்தியானமே தகட்டுக் கரண்டியும் பெயின்டைக் கரைக்கிற தின்னர் டப்பாவும் எடுத்துக்கொண்டு, தான் போட்ட ப்ளஸ்களைச் சுரண்டக் கிளம்பிவிட்டார். கோழிக்கடைக்காரர், ப்ளஸ் இருந்த இடத்தில் கொழுத்த சேவல் ஒன்று எழுதித் தருவதானால் சரி என்றார். மருந்துக்கடைக்காரர்கள் இரண்டு பேர் பச்சைக்கு மாற ஒத்துக்கொண்டார்கள். எக்ஸ்ரே எடுக்கிறவர் மட்டும், "புத்தூருல யாருக்கும் யாருக்கும் சண்ட வேதாச்சலம்?" என்று கேட்டுச் சிரித்து அனுப்பிவிட்டார். அவருக்கு எடுத்துச் சொல்லப் போய், வேதாச்சலத்துக்கு நாக்கு குழறியது. மகள் சொன்னபோது தெளிவாக இருந்தது, தான் சொன்னால் ஏனோ கோர்வையாக வரவில்லை. சுரண்டியது மொத்தம் பதினேழு. எங்கெங்கே போட்டோம் என்று நினைவே இல்லாதவை இன்னும் எத்தனையோ.

சனிக்கிழமை நாயுடுபேட்டையிலிருந்து ஓர் அம்மாள் ருக்மணிக்குப் போன் செய்தார். அவர் மகளும் அதே ஆஸ்பத்திரியில் நர்ஸ். தூதரகம் பஸ் ஏற்பாடு செய்திருக்கிறது, செவ்வாய்க்கிழமை கிளம்பித் துறைமுகம், அங்கிருந்து கப்பல், என் பெண் வருகிறாள், உங்கள் பெண்ணையும் கூடவே வரச் சொல்லுங்கள் என்றார். ருக்மணி அப்போதே உதயாவின் அறையைப் பெருக்கித் துடைத்தார். இரண்டு நாள் விடாமல் முயன்று, திங்கட்கிழமை மத்தியானம் லைன் கிடைத்தது. ஸ்பீக்கரில் போட்டார்கள்.

"பஸ் சமாச்சாரம் தெரியும்மா," என்றாள் உதயா. "பேர் குடுத்துட்டேன். ஆனா…"

"இன்னாடி ஆனா?"

"நைனா, குறி போட்ட மூணாம் நாளே ஜனங்க வர ஆரம்பிச்சிட்டாங்க. அடிபட்டவங்க மட்டும் இல்ல. வீடு இடிஞ்சவங்க, கெழவன் கெழவி, புள்ளத்தாச்சிங்க. இங்க அடிக்க மாட்டாங்கன்னு நம்பி ஆஸ்பத்திரி முற்றம் பூரா பாய் போட்டுக்கினு கீறாங்க. ரெண்டு நர்ஸுங்க நாளைக்குப் போறாங்க. நானும் ஏறிட்டா பிரசவ வார்டுக்கு ஆளே இல்ல."

ருக்மணி போனை இன்னும் பக்கத்தில் இழுத்தார்.

"குறிய மேல போட்டுட்டு உள்ள ஆள் இல்லன்னா, அதுவும் பொய்க் குறிதானே நைனா? ஆனா நீ வான்னு சொன்னா வந்துடறேன். சத்தியமா வந்துடறேன். நீயே சொல்லு."

ருக்மணி புருஷன் முகத்தையே பார்த்தார். வா என்பது ஒரே எழுத்து. ஆயுசு பூராவும் எழுத்தையே விற்றுப் பிழைத்த மனிதருக்கு அந்த ஓர் எழுத்து தொண்டையில் வந்து நின்றது. சொல்லிவிட வேண்டும் என்று அவருக்கு வெறியே இருந்தது. பெற்ற மகள். அவளைவிட அந்த முற்றத்தில் படுத்திருக்கிறவர்கள் யார் அவருக்கு? முகம் தெரியுமா, பேர் தெரியுமா? ஆனால் அந்தப் பிறையின் தடிமன் போதாது என்று தொட்டிமேல் நின்று பதறியது அவர்களுக்கும் சேர்த்துத்தான் என்பது அவருக்கு இப்போது புரிந்தது.

"அங்க மழ எப்பம்மா?" என்றார்.

"அடுத்த மாசம் ஆரம்பிச்சிடும்."

"அதுக்குள்ள ரெண்டாவது கோட் அடிச்சிடு. ஒரு கோட்டு மழைக்கு நிக்காது."

ருக்மணி புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். கோபத்தில் அல்ல. தான் அழுகிற சத்தம் மகளுக்குக் கேட்டுவிடக் கூடாது.

"சரி நைனா," என்றாள் உதயா. அவள் குரலும் சரியாக இல்லை. "எவ்ளோ நேரம் காயணும்?"

"ஒரு நாள் பூரா காயணும். கால் வெச்சிடாதீங்க," என்றார் வேதாச்சலம். பிறகு, அந்தக் கோணல் நுனியை எப்படிச் சரிசெய்வது என்று பொறுமையாக, ஒவ்வொரு அடியாகச் சொல்ல ஆரம்பித்தார்.