அக்காவின் விண்ணப்பத்தோடு பெரிய தபாலாபீஸ் வரை

நம் வகுப்புக் கையெழுத்துப் பத்திரிகைக்குப் பயணக் கட்டுரை கேட்டபோது எல்லோரும் மகாபலிபுரம், கொடைக்கானல் என்று எழுதிக் கொடுத்தார்கள். நான் அங்கெல்லாம் போனதில்லை. நான் போய்வந்தது ஜீயபுரத்திலிருந்து ஸ்ரீரங்கம், அங்கிருந்து திருச்சி பெரிய தபாலாபீஸ். காலையில் கிளம்பி இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிட்டோம். ஆனாலும் வெளிநாட்டில் படிக்க விண்ணப்பம் போட நினைக்கிற பெண் நம்மில் யாராவது இருந்தால், அவளுக்குக் கொடைக்கானலைவிட இந்த வழிதான் உபயோகப்படும்.

கட்டுரையை இப்போதே கொடுக்க முடியாது. போன சனிக்கிழமை நாங்கள் எதற்காகப் போனோம் என்பது அப்பாவுக்குத் தெரியாது. எல்லோரும் தூங்கிய பிறகு அரிக்கேன் விளக்கின் திரியைக் குறைத்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அப்பா இருமும்போதெல்லாம் கை நின்றுவிடுகிறது. விஷயம் வெளியே வந்த பிறகு கொடுக்கிறேன்.

என் அக்கா தனலட்சுமி எம்.காம். படித்தவள் என்பது உங்களுக்குத் தெரியும். அவள் வகுப்பில் இரண்டே பெண்கள். இப்போது அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் வியாபார நிர்வாகத்தில் டாக்டர் பட்டத்துக்குப் படிக்க விண்ணப்பிக்கிறாள். ஊசி போடுகிற டாக்டர் இல்லை. ஒரு விஷயத்தை நாலைந்து வருஷம் ஆராய்ந்து, இதுவரை யாரும் சொல்லாததைச் சொன்னால் அந்தப் பட்டம் கொடுப்பார்களாம். சேர்த்துக்கொண்டால் படிப்புக்குச் சம்பளம் கட்ட வேண்டாம். அங்கேயே மாணவர்களுக்குப் பாடம் நடத்த உதவினால் சாப்பாட்டுக்கும் பணம் தருவார்கள். கல்லூரி நூலகத்தில் ஒரு பத்திரிகையில் விலாசம் பார்த்து, எழுதிக் கேட்டு, எல்லாவற்றையும் அக்காவே தெரிந்துகொண்டாள். சொல்லிக்கொடுக்க இங்கே ஆளில்லை. அந்த வழியில் போனவர் யாரையும் எங்களுக்குத் தெரியாது.

விண்ணப்பத்தோடு பேராசிரியர்கள் மூன்று பேரின் சிபாரிசுக் கடிதம் வேண்டும். இரண்டு கிடைத்துவிட்டன. மூன்றாமவர் ஸ்ரீரங்கத்தில் இருக்கிறார். அவர் அன்று ராத்திரி ரயிலில் டில்லிக்கு, மகன் வீட்டுக்குப் புறப்படுகிறார். திரும்பிவர மூன்று மாதம் ஆகும். விண்ணப்பமும் கடிதங்களும் சேர்ந்த உறையைச் சனிக்கிழமைக்குள் தபாலில் சேர்க்காவிட்டால் கடைசித் தேதிக்குள் அமெரிக்கா போகாது. அதுவும் சனிக்கிழமை மூன்று மணிக்கு ரிஜிஸ்டர் கவுண்டரை மூடிவிடுவார்கள். ஆகவே ஒரே நாள்தான்.

வீட்டில் ஸ்ரீரங்கம் கோயிலுக்குப் போவதாகச் சொன்னோம். அம்மாவுக்குச் சந்தோஷம்.

"நல்ல இடமா அமையணும்னு வேண்டிக்க தனம்," என்றாள் அம்மா.

"சரிம்மா," என்றாள் அக்கா. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அந்தத் தைரியம் எனக்கு வராது.

ஏழு மணி பஸ். திருச்சி சத்திரம் பஸ் நிலையம் வரை எட்டு மைலுக்குக் கொஞ்சம் கூட இருக்கும். ஆளுக்கு முப்பது பைசா. இடது பக்கம் உட்காருங்கள். வழியெல்லாம் வாழைத் தோப்பும் இடையிடையே காவிரியும் கூடவே வரும். சத்திரத்தில் இறங்கி ஸ்ரீரங்கம் டவுன் பஸ். பாலத்தின் மேல் போகும்போது பின்னால் திரும்பி மலைக்கோட்டையைப் பார்க்க மறக்க வேண்டாம். நான் பார்த்தேன். அக்கா பார்க்கவில்லை, மடியில் இருந்த பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கட்டி முடிக்காமல் நிற்கும் மொட்டைக் கோபுரத்தருகே இறங்கியதும் அக்கா நேரே கோயிலுக்கு நடந்தாள். "முதல்ல சாரைப் பாத்துடலாமே," என்றேன்.

"அம்மாகிட்ட கோயில்னு சொல்லிட்டு வந்திருக்கோம். பொய்யாக்கக் கூடாது. வா."

காலையில் போனால் கூட்டம் குறைவு. அரை மணி நேரத்தில் பெருமாளைப் பார்த்துவிட்டோம். தலை ஒரு பக்கம் கால் ஒரு பக்கமாக அவ்வளவு நீளம் படுத்திருக்கிறவரை ஒரே பார்வையில் பார்க்க முடியாது. முகத்தைப் பார்த்துவிட்டுத் திருவடிக்கு வருவதற்குள் தள்ளிவிடுவார்கள். என்ன வேண்டுவது என்று முன்னாலேயே முடிவு செய்துகொண்டு போங்கள்.

நான் முடிவு செய்துகொண்டுதான் போனேன். அக்காவுக்கு அமெரிக்காவில் அந்த இடம் கிடைக்கக் கூடாது என்று வேண்டினேன். எஸ்.எஸ்.எல்.சி.யோடு என் படிப்பை நிறுத்திவிடலாம் என்று அப்பா போன பொங்கலிலிருந்து சொல்லிவருகிறார். ஒவ்வொரு தடவையும் அவர் எதிரே உட்கார்ந்து, குரல் உயர்த்தாமல், ஒன்று இரண்டு என்று காரணம் சொல்லி அவரை வாயடைக்கச் செய்வது அக்காதான். அவள் போய்விட்டால் எனக்காக யார் பேசுவது?

பேராசிரியர் வீடு மேல உத்தர வீதியில். கோயிலிலிருந்து நடந்தே போகலாம். நாங்கள் போனபோது கூடத்தில் டிரங்குப் பெட்டி திறந்து கிடந்தது. படுக்கையைச் சுருட்டிய ஹோல்டாலைக் கட்ட முடியாமல் அதன் மேல் முழங்காலை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார் சார்.

"வாம்மா தனலட்சுமி! யாரு, தங்கையா? இந்தப் பெல்ட்டைக் கொஞ்சம் இழும்மா கொழந்தே," என்று ஒரு முனையை என் கையில் கொடுத்தார். இழுத்தேன். எனக்குப் பயம் பாதி போய்விட்டது.

உள்ளேயிருந்து சார் வீட்டு மாமி மோர் கொண்டுவந்தார். "பெருமாளைச் சேவிச்சேளா?"

"ஆச்சுங்க மாமி," என்றாள் அக்கா.

சிபாரிசுக் கடிதத்துக்காகப் பல்கலைக்கழகம் அனுப்பிய கேள்வித் தாளை அக்கா நீட்டினாள்; பதிலை வேறு தாளில் அடிக்க வேண்டும். சார் அதை மேலோட்டமாகப் பார்த்தார். "இதுக்கென்ன. வழக்கம்போல நீயே எழுதி அடிச்சுடும்மா. மெஷின் அங்கே இருக்கு. நான் கையெழுத்துப் போட்டுடறேன். எல்லாருக்கும் அப்படித்தானே பண்றது?" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

அவரிடம் டைப்ரைட்டர் இருந்தது. கறுப்பாக, ஹார்மோனியப் பெட்டி உயரத்துக்கு. அக்கா அதில் அடிப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். கண் தாளில் இருக்க, விரல் தானாக ஓடும். பத்து நிமிஷத்தில் அரைப் பக்கம் முடிந்தது. நான் எட்டிப் படித்தேன். ஒழுங்காக வகுப்புக்கு வருபவள், அடக்கமானவள், நன்னடத்தை உள்ளவள், கௌரவமான குடும்பத்தைச் சேர்ந்தவள். என் பள்ளிக்கூட ஆங்கிலத்துக்கே எல்லாம் புரிந்தது.

மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து தாளை வாய்விட்டுப் படித்தார். "ஏண்டிம்மா, இது பொண்ணு பாக்க வரவாளுக்கு எழுதற மாதிரின்னா இருக்கு? சமைக்கத் தெரியும், பாடத் தெரியும்னு ரெண்டு வரி சேர்த்துடேன், சரியாப் போயிடும்!"

அக்கா சிரித்தாள். ஆனால் முகம் சிவந்துவிட்டது. "என்னைப் பத்தி நானே எப்படி மாமி பெரிசா எழுதறது? கை வரமாட்டேங்குது."

கேள்வித் தாளில் அடுத்த கேள்வி இருந்தது. இந்த மாணவி பாடத்துக்கு வெளியே தானாகக் கவனித்து ஆராய்ந்தது ஏதாவது உண்டா? அக்கா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஒரே சொல் அடித்தாள்: இல்லை.

சார் குளித்து வந்து பேனாவை எடுத்தார்.

நான் பேசாமல் இருந்தால் போதும். அதைப் படிக்கிற அமெரிக்காக்காரர் உறையை ஓரமாகத் தள்ளிவிடுவார், அக்கா எங்கள் வீட்டிலேயே இருப்பாள், பெருமாள் என் வேண்டுதலைக் கேட்டதாகிவிடும். எல்லாம் தெரிந்துதான் வாயைத் திறந்தேன். ஏன் என்று இன்றுவரை எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அந்த ஒரு சொல்லைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"சார், அது நிஜமில்லீங்க. அக்கா மண்டியில கேட்டாளே."

"பாப்பா, சும்மா இரு," என்றாள் அக்கா.

"என்ன மண்டி? சொல்லும்மா," என்றார் சார்.

சொன்னேன். அப்பா வாழைத்தார் கொண்டுபோய்ப் போடுகிற மண்டிக்கு அக்கா இரண்டு வருஷம் லீவு நாளெல்லாம் கூடவே போனாள். அங்கே ஒரு கமிஷன் கடையில் தாருக்கு விலை குறைவு. பக்கத்துக் கடையில் நாலணா கூடக் கொடுக்கிறார்கள். முன்பணம் வாங்கியவர்கள் மாற முடியாது, சரி. ஒரு பைசா வாங்காதவர்களும் ஏன் விலை குறைந்த கடைக்கே போகிறார்கள்? அக்கா ஒவ்வொருவரிடமும் கேட்டாள். சிலர் விரட்டினார்கள். "பொம்பளப் புள்ளைக்கு மண்டியில என்னம்மா வேல? அமுக்கிப் பாத்து வாழைப்பழம் வாங்கப் போறியா?" என்று ஒருவர் கேலி செய்தார். மறுநாளும் அக்கா அவரிடமே போய்க் கேட்டாள். அன்று நானும் கூடப் போயிருந்தேன், அவர் சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. சாரிடம் அதே குரலில் சொல்லிக் காட்டினேன்.

"'எங்கப்பாரு செத்தன்னிக்கு ராத்திரியே வண்டி அனுப்புனது அந்தக் கடைக்காரரு. அழுகுன தாரு எத்தனைன்னு நான் பாக்காமலே ரைட்டா சொல்றவரு அவரு. நாலணாவுக்காக மாறச் சொல்றியாம்மா?'ன்னார், சார்."

மாமி சிரித்துவிட்டார். நான் நிறுத்தவில்லை. "அப்புறம் அக்கா எல்லாருடைய விலையையும் ரெண்டு வருஷத்துக்கும் எழுதிக் கூட்டிப் பாத்தா. பக்கத்துக் கடையில அழுகல்னு கூடக் கழிக்கிறதையும் சேத்துப் பாத்தா விலை குறைஞ்ச கடையில நஷ்டமே இல்லீங்க சார். நம்பினவங்களுக்குக் கணக்கும் சரியாத்தான் வந்திருக்கு. இதை யாராவது பெரிய ஊர்ல ஆராயணும்னு எங்கிட்ட சொல்லிக்கிட்டே இருப்பா. நான் தூங்கிடுவேன்."

சார் பேனாவை மூடினார். அக்காவைப் பார்த்து, "ரெண்டு வருஷம் எங்கிட்ட படிச்சே. ஒரு வார்த்தை சொல்லலையே?" என்றார்.

"சிலபஸ்ல இல்லையே சார்," என்றாள் அக்கா தலையைக் குனிந்துகொண்டு.

அவர் அக்கா அடித்த தாளை இரண்டாகக் கிழித்தார். வேறு தாளைச் செருகித் தானே உட்கார்ந்தார். இரண்டே விரலால், ஒவ்வொரு எழுத்தையும் தேடித் தேடி அடித்தார். ஹோல்டால் மறுபடி அவிழ்ந்துகொண்டது, அவர் கவனிக்கவில்லை. மாமி தயிர்சாதமும் மாவடுவும் போட்டார். சாப்பிட்டு முடித்தும் அவர் முடிக்கவில்லை. சுவர்க் கடிகாரம் ஒன்றரை அடித்தபோது அக்கா என் கையைக் கிள்ளினாள். கடைசியில் கையெழுத்துப் போட்டு, உறையில் வைத்து ஒட்டி, ஒட்டின இடத்தின் மேலும் ஒரு கையெழுத்துப் போட்டார்.

"நீ பாக்கக் கூடாது. அப்படின்னு அவாளே போட்டிருக்கா, இப்போதான் படிச்சேன்," என்றார். "ஓடு, கவுண்டரை மூடிடுவா."

உறையில் என்ன இருக்கிறது என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. அவர் மடிக்கும்போது நான் இரண்டு பக்கம் எண்ணினேன். அக்கா அதை விண்ணப்பம் இருந்த பெரிய உறைக்குள் வைத்து ஒட்டிக்கொண்டாள்.

ஸ்ரீரங்கத்திலிருந்து ஜங்ஷன் பஸ் ஏறுங்கள். பாலக்கரையில் அன்று ஏதோ ஊர்வலம், பஸ் நகரவில்லை. அக்கா, "இறங்கு," என்றாள். அந்த வெயிலில் கூட்டத்துக்குள் புகுந்து, சைக்கிள்களுக்கு நடுவே, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு என் அக்கா ஓடியதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஜவுளிக்கடைக்காரர்கள் பார்த்தார்கள். நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.

பெரிய தபாலாபீஸ் உண்மையிலேயே பெரியது. உள்ளே உயரமான கூரை, கோந்து வாசனை. குமாஸ்தா கவுண்டர் கதவில் கை வைத்துவிட்டார். எங்களைப் பார்த்ததும் எடுத்துவிட்டு, "மூச்சு வாங்கிக்கிட்டுக் கொடும்மா," என்றார். உறையை நிறுத்தார். விமானத் தபால், பதிவு எல்லாம் சேர்ந்து நாலு ரூபாய்க்கு மேல். ட்யூஷன் சொல்லிக்கொடுத்துச் சேர்த்த பணத்தில் அக்கா கொடுத்தாள்.

"அமெரிக்காவா? அங்க யாரு இருக்காங்க?"

"இன்னும் யாரும் இல்லீங்க," என்றாள் அக்கா.

திரும்பும் பஸ்ஸில் அக்கா தபால் ரசீதை நாலாக மடித்துப் பையில் வைத்தாள். பிறகு, "நீ ஏண்டி சொன்ன? நான் போறது உனக்குப் பிடிக்கலைன்னு எனக்குத் தெரியும்," என்றாள்.

"இல்லைன்னு போட்டிருந்தியே. அது பொய்தானே. பொய்யாக்கக் கூடாதுன்னு நீதானே சொன்ன?"

அக்கா வெளியே பார்த்துக்கொண்டாள். "போனா ஒரு நன்மை இருக்கு. ராத்திரி என் மேல காலைத் தூக்கிப் போட ஆள் இருக்காது."

பதில் எங்கே வரும் என்று அப்போதுதான் கேட்டேன். வீட்டு விலாசம்தான் கொடுத்திருக்கிறாளாம். சிநேகிதி விலாசம் கொடுத்திருக்கலாமே என்றேன்.

"ஒளிச்சு வாங்கினா ஒளிச்சுத்தான் போகணும். என்னை வழியனுப்ப அப்பா ஸ்டேஷனுக்கு வரணும். தோப்புல இந்தத் தார்வெட்டு முடியட்டும், நானே சொல்றேன்."

தார்வெட்டு முடிய இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. அதுவரை தபால்காரர் சைக்கிள் மணி கேட்டாலே நான்தான் முதலில் வாசலுக்கு ஓடுகிறேன். அக்கா நிம்மதியாகத் தூங்குகிறாள்.

இனி, போகிறவர்களுக்குச் சில யோசனைகள். விண்ணப்பக் கட்டணம் டாலரில் கேட்பார்கள். இங்கிருந்து டாலர் அனுப்ப அனுமதி வாங்குவது கஷ்டம், அதனால் தள்ளுபடி செய்யும்படி முன்கூட்டியே எழுதுங்கள். அக்காவுக்குச் செய்தார்கள். சனிக்கிழமை போகாதீர்கள். உங்களைப் பற்றி நீங்களே எழுதாதீர்கள். உங்களைத் தெரிந்த, வாய் சும்மா இராத யாரையாவது கூட அழைத்துப்போங்கள். பஸ் செலவு இரண்டு பேருக்கும் சேர்த்து இரண்டு ரூபாய் இருந்தால் தாராளம்.

நான் போகும்போது ஒரு ரூபாய் போதும். ஆறேழு வருஷம் கழித்து இதே வழியில் நானும் ஒரு உறையோடு போக வேண்டியிருக்கும், அப்போது பக்கத்தில் அக்கா இருக்க மாட்டாள். நாளையிலிருந்து அப்பாவிடம் பேசக் கற்றுக்கொள்ள வேண்டும். குரல் உயர்த்தாமல், எதிரே உட்கார்ந்து, ஒன்று, இரண்டு என்று.